அப்பாவுக்கு முழங்கால் மாற்றியிருக்கிறது, பறவை பார்க்க எந்தப் பலகைப் பாதைக்கு அழைத்துப் போகலாம்?

நெல்லைப்பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் நடுவில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள், பொங்கலை இங்கே முடித்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். அப்பாவுக்கு 71 வயது, போன வருடம் வலது முழங்காலில் மூட்டு மாற்றினார்கள். சமதரை என்றால் ஒரு கிலோமீட்டர் மெதுவாக நடப்பார், நடுவில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும். படியைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். அம்மாவுக்குக் காலில் ஒன்றும் இல்லை, வெயில்தான் ஆகாது.

அப்பாவுக்குக் கூந்தன்குளம் பக்கம். அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வீட்டு வாசல் மரத்திலேயே நாரை கூடு கட்டும், தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள், துவைத்துக் காயப்போட்ட வேட்டியில் எச்சம் விழுந்தால் மறுபடியும் துவைப்பார்களே தவிர பறவையைத் திட்டமாட்டார்கள். அப்படி வளர்ந்த மனுஷனைப் போன முறை வந்தபோது நான் கடைத்தொகுதி கடைத்தொகுதியாக இழுத்துக்கொண்டு அலைந்தேன். நான்காவது நாள் சன்னல் பக்கம் நின்றுகொண்டு, "குயில் கத்துது, கேக்குது. ஆனா இந்த ஊர்ல ஒரு குளம் குட்டை கிடையாதாம்மா?" என்றார். இந்தத் தடவை அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூர் செங்காங்கில், கார் கிடையாது. பலகைப் பாதை அல்லது நல்ல சமதரை, உட்கார இடம், கழிப்பறை, இரண்டு மணி நேரத்தில் திரும்பி வருகிற மாதிரி இருக்க வேண்டும். கூண்டில் இல்லாத பறவை. கிராஞ்சி பக்கத்துச் சுங்கை பூலோ சதுப்பு நிலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அம்மா அங்கே முதலை கிடக்கும் வீடியோவை யூடியூபில் பார்த்துவிட்டு ஊரிலிருந்தே "நான் வரல" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


பாசிர்ரிஸ் பெருசு எழுதியது:

செங்காங்கில் இருந்துகொண்டு கிராஞ்சி வரை ஏன் போகணும்? உங்களுக்குப் பக்கத்தில் பாசிர் ரிஸ் பூங்கா இருக்கிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம், அப்பாவுக்கு அதுவும் வேண்டாமென்றால் டாக்சியில் வாகன நிறுத்துமிடத்துக்கே போய்விடலாம். பூங்காவுக்குள் சுமார் 6 ஹெக்டர் அலையாத்திக் காட்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், அதற்குள்ளே வளைந்து வளைந்து பலகைப் பாதை போகிறது. முழுக்க நிழல். உங்கள் அம்மா குடையை விரிக்கவே வேண்டாம்.

நான் வாரத்தில் நான்கு நாள் அங்கேதான். சாம்பல் நாரைகள் உயரமான மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும், கீழே நின்றால் குஞ்சுகள் கத்துகிற சத்தம் தவளைக் கூட்டம் மாதிரி கட்டகட்டவென்று கேட்கும், கூந்தன்குளத்துக்காரருக்கு அந்தச் சத்தம் கேட்டாலே போதும், வீடு வந்த மாதிரி இருக்கும். கீழே ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள், வேட்டி விஷயம் இங்கேயும் உண்டு. மீன்கொத்தி நிச்சயம். பெரிய ஆந்தைகள் பகலில் மரத்தில் உட்கார்ந்து தூங்குவதும் இங்கே பிரபலம். எந்த மரம் என்று தேட வேண்டாம், ஆள் உயர லென்ஸை முக்காலியில் ஏற்றிக்கொண்டு ஆறேழு பேர் ஒரே பக்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்களும் அங்கே போய் அண்ணாந்து பாருங்கள், அவ்வளவுதான். நல்லவர்கள், கேட்டால் லென்ஸ் வழியாகக் காட்டுவார்கள்.

தண்ணீர் வற்றியிருக்கும்போது போனால் பலகைக்குக் கீழே சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீன்களையும், ஒற்றைக் கொடுக்கை ஆட்டிக் கூப்பிடும் நண்டுகளையும் பார்க்கலாம். இடுப்பு உயரத்துக்கு மண் புற்று இருக்கும், கறையான் புற்று என்று நினைத்துவிடாதீர்கள், சேற்றுக்குள் வாழும் ஒருவகை இறால் வெளியே தள்ளிய மண் அது. மூன்று மாடிப் பறவைக் கோபுரம் ஒன்று உண்டு, அது படி, அப்பா கீழே பெஞ்சில் உட்காரட்டும்.


ஏற்றவற்றம் எழுதியது:

பெருசு சொல்வது சரிதான், பாசிர் ரிஸ் நல்ல இடம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூந்தன்குளத்துக்காரர் வலசைப் பறவை பார்த்து வளர்ந்தவர். டிசம்பர், ஜனவரியில் வருகிறார். அந்த மாதத்தில் இந்தத் தீவுக்கு வந்தவருக்கு வருடம் முழுக்க இருக்கிற சாம்பல் நாரையைக் காட்டி அனுப்பினால் பாவம்.

சுங்கை பூலோவுக்குப் போய்விட்டு "ஒண்ணுமே இல்ல, வெறும் சேறு" என்று திரும்புகிறவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர், அந்த எட்டுப் பேரில் நானும் ஒருத்தன். முதல் தடவை என் மாமியாரை அழைத்துக்கொண்டு காலை பதினொரு மணிக்குப் போனேன். பறவை பார்க்கக் கட்டியிருக்கிற மறைவிடத்தில் உட்கார்ந்தோம், எதிரே வெயிலில் மின்னுகிற சேறு, ஒரு கொக்கு, ஒரு உடும்பு. மாமியார் பத்து நிமிஷம் பொறுத்தார், அப்புறம் "மாப்பிள்ளை, இந்தச் சேறு எங்க ஊர்லயே இருக்கே" என்றார். தவறு இடத்தில் இல்லை, என் நேரத்தில்.

விஷயம் இதுதான். இந்தக் கரைப் பறவைகள் சாப்பிடுவது சேற்றில் இருக்கும் புழு, சிப்பி, நண்டுகளை. கடல் வற்றியிருக்கும்போது மண்டாய் பக்கத்துச் சேற்றுவெளி, ஜொகூர் நீரிணையோரம் என்று பரவிப் போய் மேயும். கடல் ஏறும்போது அந்தச் சேறெல்லாம் மூழ்கிவிடும், நிற்க இடமிருக்காது. அப்போது அவை ஓய்வெடுக்க வருகிற இடம்தான் சுங்கை பூலோவின் குளங்கள். அவை ஒரு காலத்தில் இறால், மீன் வளர்த்த பண்ணைக் குளங்கள், மதகு வைத்துத் தண்ணீரை ஏற்றி இறக்கினார்கள். இன்றைக்கும் அதே மாதிரி மதகைத் திறந்து மூடித்தான் குளத்துச் சேற்றுத் திட்டைப் பறவைக்கு நிற்க வாகாக வைத்திருக்கிறார்கள். ஆக வெளியே கடல் நிறைந்திருக்கும்போது உள்ளே பறவை நிறைந்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் சும்மா ஞாயிற்றுக்கிழமை என்று கிளம்புவது, கடை மூடியபிறகு தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போகிற மாதிரி.

எனவே ஏற்ற வற்ற அட்டவணையைப் பாருங்கள், இணையத்தில் கிடைக்கும். காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடையில் ஏற்றம் உச்சிக்கு வருகிற நாளைத் தேர்ந்தெடுங்கள், அளவு 2.5 மீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது. உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப் போகும், அதனால் இந்த வாரம் தவறினால் இரண்டு வாரம் கழித்து ஏறக்குறைய அதே நேரம் மறுபடி வரும். ஒரு மாதம் இருக்கிறார்கள் என்பதால் உங்களுக்கு இரண்டு வாய்ப்பு.

அப்புறம் நடை. இது நடக்கிற இடம் என்பதை விட உட்காருகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலசைப் பறவைப் பாதை முழுக்கச் சுற்றினால் இரண்டு கிலோமீட்டர் பக்கம் வரும், சுற்றவே வேண்டாம். நியோ டியூ கிரசெண்ட் வாசலில் இறங்கினால் ஆற்றுப் பாலம் பக்கம், பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் மறைவிடம். கூரை உண்டு, பெஞ்சு உண்டு, பார்ப்பதற்குப் பலகையில் நீள நீளமாகத் திறப்பு உண்டு. அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள். 18 மீட்டர் உயரக் கோபுரம் இருக்கிறது, அது உங்களுக்கு.

1986-ல் ஒரு சில பறவை ஆர்வலர்கள் இந்த இடத்தைக் கண்டு அரசாங்கத்திடம் கேட்டதால்தான் இது மிஞ்சியது. 1989-ல் 87 ஹெக்டரை இயற்கைப் பூங்காவாக ஒதுக்கினார்கள், 1993-ல் திறந்தார்கள், 2002-ல் 130 ஹெக்டரோடு சட்டப்படி இயற்கை வனப்பகுதி ஆனது. உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், ஊர்க்காரர்கள் காப்பாற்றிய குளம் என்றால் அவருக்குப் புரியும்.


925_தோழி எழுதியது:

மேலே இருக்கிறவர் காரில் போகிறவர் போலிருக்கிறது, பேருந்தில் போகிறவர்களுக்கு நான் சொல்கிறேன். கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 925. கிராஞ்சி நீர்த்தேக்கத்து நிறுத்தத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் கிராஞ்சி வே பக்கத்து வருகையாளர் நிலையம். 2014-ல் சேர்த்த பகுதி இது. கழிப்பறை சுத்தம். இங்கிருந்து கிளம்புகிற கடலோரப் பாதை பலகையும் தளமுமாகச் சமமாகப் போகும், நடுநடுவே கடலைப் பார்த்த மாதிரி மேடைகள், எதிரே மலேசியாவின் ஜொகூர் கட்டடங்கள். வெண்வயிற்றுக் கடல்கழுகு தலைக்கு மேலே சுற்றும். அப்பாவுக்குப் பாலம் வரை நடக்க முடியாத நாளில் இது மட்டும் போதும். ஆனால் கரைப் பறவைக் கூட்டம் இந்தப் பக்கம் கிடையாது, அது நிஜம்.

நியோ டியூ வாசலுக்குப் போக டாக்சி கிடைக்கும். திரும்பி வரத்தான் கிடைக்காது. நான் ஒரு தடவை என் அத்தையோடு அந்த வாசலில் நாற்பது நிமிஷம் நின்றேன், செயலி சுற்றிக்கொண்டே இருந்தது, அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். போனவரையே காத்திருக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் முன்கூட்டியே வண்டி பதிவு செய்துவிடுங்கள்.

இன்னும் சில. சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள், தண்ணீர் இரண்டு போத்தல். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கு அதைப் பார்த்தாலே பலகாரம் என்று முடிவு செய்துவிடும், எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் வையுங்கள். கொசு மருந்து. கைப்பேசியில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், கடலோரத்தில் நின்றால் மலேசியாவுக்கு வரவேற்கிறோம் என்று குறுஞ்செய்தி வரும், அம்மா பதறிப் போவார். முதலை இருப்பது உண்மை, உப்புத்தண்ணீர் முதலை. பாலத்தின் மேலே நின்றுதான் பார்க்கப் போகிறீர்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், கரையோரம் குனிந்து படம் எடுக்காதீர்கள், அவ்வளவுதான். போகும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தில் எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள், பலகை மாற்றுகிறோம் என்று திடீரென்று தடுப்புப் போட்டிருப்பார்கள்.


படகுப்பிரியன் எழுதியது:

புலாவ் உபின் தீவில் இருக்கும் செக் ஜாவாவை யாருமே சொல்லவில்லையே? ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான பலகைப் பாதை, ஒரு பகுதி கடல் மேலேயே போகும். இருவாச்சி பறக்கும். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பிவிடும். இதை விட்டால் சிங்கப்பூரில் வேறு என்ன இருக்கிறது?


925_தோழி எழுதியது:

அண்ணா, படகில் ஏறுகிற அந்த ஒரு அடியை நினைத்துப் பாருங்கள். படகும் ஆடும், படியும் ஈரம், மாற்றின முழங்கால். படகுத்துறையிலிருந்து செக் ஜாவா மூன்றரை கிலோமீட்டர் வேறு, நமக்குச் சைக்கிள், அவர்களுக்கு வேன் பிடிக்க வேண்டும். அடுத்த வருடம் கால் நன்றாக ஆனபிறகு போகட்டும்.


படகுப்பிரியன் எழுதியது:

சரி, முழங்காலை மறந்துவிட்டேன். அடுத்த வருடம்.


தள்ளுவண்டி அப்பா எழுதியது:

நான் தள்ளுவண்டியும் இரட்டைக் குழந்தைகளுமாகப் போகிறவன், அதனால் படியில்லாத இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். மழை வருமோ வராதோ என்று இருக்கிற நாளில் தூரம் போகாதீர்கள், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை, சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் ஊற்றும். அந்த மாதிரி நாளில் நடுவே வெயில் எட்டிப் பார்த்தால் இரண்டு இடம்.

ஒன்று, லாப்ரடார் பார்க் எம்ஆர்டி வாசலை ஒட்டியே தொடங்குகிற பெர்லயர் ஓடைப் பலகைப் பாதை. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஓடை, இரு பக்கமும் அலையாத்தி, முடிவில் கடல். நீல முதுகு மீன்கொத்தி கைப்பிடியிலேயே உட்காரும். இன்னொன்று ஜூரோங் லேக் கார்டன்ஸில் இருக்கும் ராசாவ் நடை, 300 மீட்டர்தான், லேக்சைடு எம்ஆர்டி. ஏரித் தண்ணீருக்கு மேலே போகிற பாதை, நாரை, கொக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம். இரண்டுக்குமே சக்கர நாற்காலி போகும். இவை சுங்கை பூலோவுக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை. காலைக் காபி மாதிரி, சின்னது.

கிராஞ்சி சதுப்பு நிலத்தைப் பற்றி யாராவது சொல்வார்கள். அழகான நன்னீர்ச் சதுப்பு, ஆனால் உள்பகுதிக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும், அங்கே போய்ச் சேருவதும் பேருந்தில் பாடு.


நெல்லைப்பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. நேற்று அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். ஏற்றவற்றம் அண்ணன் எழுதியதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "உள்ளான் வருமா?" எனக்கு உள்ளான் என்றால் என்னவென்றே தெரியவில்லை. இங்கே எல்லாப் பலகையிலும் ஆங்கிலப் பெயர்தான் இருக்கும், நான் அவருக்கு எப்படிச் சொல்வது?


ஓய்வு பெற்ற தமிழாசிரியை எழுதியது:

உள்ளான் வராமலா? வருவதில் பாதி உள்ளான்தான், கண்ணம்மா. நீண்ட மூக்கும் மெல்லிய காலுமாகச் சேற்றைக் குத்திக் குத்தி ஓடுமே, அந்தக் கூட்டத்துக்கே நம் ஊரில் உள்ளான் என்றுதான் பெயர். கால் செக்கச்செவேல் என்று இருந்தால் பவளக்கால் உள்ளான். சுங்கை பூலோ குளத்தில் கூட்டமாக நிற்பது பெரும்பாலும் அதுதான். காலில் பச்சைச் சாயல், மூக்கு லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் பச்சைக்கால் உள்ளான். ஆட்காட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி குட்டை மூக்கோடு ஓடி ஓடி நிற்பது உப்புக்கொத்தி, அதில் முதுகெல்லாம் தங்கப் பொடி தூவினது மாதிரி ஒரு வகையும் வரும். மூக்கு அரிவாள் போலக் கீழே வளைந்து, உடம்பு கோழி அளவு இருந்தால் அது கோட்டான். கோட்டான் என்றால் ஆந்தையல்லவா என்று உங்கள் அம்மா சண்டைக்கு வருவார், வரட்டும், பறவை நூல்களில் இதற்கும் அந்தப் பெயர்தான்.

ஒரு பொருத்தம் சொல்கிறேன், அப்பாவுக்குப் பிடிக்கும். நம் நாட்டு நத்தைகுத்தி நாரை 2013-க்கு முன் இங்கே பதிவானதே இல்லை, அதன்பிறகு எப்போதாவது கூட்டமாக வருகிறது, 2019 கடைசியில் வந்த கூட்டத்தை நானே அண்ணாந்து எண்ண முயன்று தோற்றேன். இந்த வருடம் வருமா என்பது அதன் இஷ்டம்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். என் நாத்தனார் ஊரிலிருந்து வந்த இரண்டாம் நாள் அமாவாசை, குளித்துவிட்டு நேரே வீவக அடுக்குமாடி வீட்டின் பொது நடைபாதைச் சுவர் மேல் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டார். இங்கே காட்டுயிர்களுக்கு உணவு போடுவது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். காகம், புறா எல்லாம் அதில் சேரும். அம்மாவிடம் விமான நிலையத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பைனாகுலர் 8க்கு 42 (எட்டு மடங்கு, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) இருந்தால் நல்லது, கனம் தாங்காது என்றால் 8க்கு 32. பத்து மடங்கு வாங்காதீர்கள், வயதானவர் கையில் ஆடும், பறவை தெரியாது, பறவையின் நடுக்கம்தான் தெரியும். மெர்லின் என்று ஒரு இலவசச் செயலி, சத்தத்தைக் கேட்டே பெயர் சொல்லும். அப்பாவிடம் கொடுத்துவிட்டால் உங்களுக்குப் போன் திரும்பக் கிடைக்காது.


ஏற்றவற்றம் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்ன பவளக்கால் உள்ளானைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சுங்கை பூலோவில் பிடித்து, முதுகில் சிறு கருவி பொருத்திச் செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவை இனப்பெருக்கத்துக்குப் போன இடம் திபெத் பீடபூமி. கடலோரமாகவே போய்ச் சேரும் என்று நினைத்த பறவை இமயமலை பக்கம் ஏறிப் போயிருக்கிறது. எனவே மறைவிடத்தில் உட்காரும்போது காலைக் கவனியுங்கள், சிலவற்றுக்கு வளையமோ சின்னப் பிளாஸ்டிக் கொடியோ இருக்கும். எழுத்து தெரிந்தால் குறித்து வையுங்கள்.


நெல்லைப்பொண்ணு எழுதியது:

போய் வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாசிர் ரிஸ் போனோம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பெருசு ஐயா சொன்ன மாதிரியே அண்ணாந்த கூட்டத்தைப் பார்த்துப் போய் நின்றோம், ஒரு சீனத் தாத்தா அப்பாவைக் கூப்பிட்டுத் தன் லென்ஸில் ஆந்தையைக் காட்டினார். அவருக்கு இவர் பாஷை தெரியாது, இவருக்கு அவர் பாஷை தெரியாது, இரண்டு பேரும் பதினைந்து நிமிஷம் கையால் பேசிக்கொண்டார்கள்.

சுங்கை பூலோ ஜனவரி முதல் ஞாயிறு. அட்டவணைப்படி ஏற்றம் ஒன்பதே முக்காலுக்கு. டாக்சியில் நியோ டியூ வாசலில் எட்டரைக்கு இறங்கினோம், திரும்பவும் வண்டி முன்பதிவு செய்தாயிற்று (தோழிக்கு நன்றி). முதல் நாள் பெய்த மழையில் பலகை கறுத்து வழுக்கியது, அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். பாலத்துக்கு வந்ததும் அம்மா நடுவில் நின்று கண்ணை மட்டும் கீழே விட்டார். "அது கட்டைதானே?" என்றார். கட்டை கண்ணைத் திறந்தது. பயந்து ஓடுவார் என்று பார்த்தால், இருபது நிமிஷம் அங்கிருந்து நகரவில்லை, "வாயைத் திறக்குதா பாரு, வாயைத் திறக்குதா பாரு" என்று எனக்குத்தான் கழுத்து வலித்தது. ஏற்றம் தவறிவிடும் என்று அவரை விட்டுவிட்டு அப்பாவை அழைத்துக்கொண்டு மறைவிடத்துக்குப் போனேன்.

போனபோது குளத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, நடுவில் நீளமாக ஒரு சேற்றுத் திட்டு, அதில் முப்பது நாற்பது பறவை. எனக்கு உள்ளே உதறல், மாமியார் கதை ஞாபகம் வந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டி, திறப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். ஒன்பதேகாலுக்கு மேல் கடல் பக்கமிருந்து வர ஆரம்பித்தன. பத்து, இருபது, அப்புறம் எண்ண முடியவில்லை. கீழே இறங்கும்போது டியூ டியூ டியூ என்று ஒரு சத்தம். எல்லாம் காற்று வருகிற பக்கம் பார்த்து நின்றன, ஒற்றைக் காலில், மூக்கை முதுகில் சொருகிக்கொண்டு, இடம் போதாமல் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. பைனாகுலரில் பார்த்தால் அந்தக் கால்கள் உண்மையிலேயே பவளம்தான், சேற்றுக்குள்ளிருந்து சிவப்புக் குச்சி முளைத்த மாதிரி.

திடீரென்று ஒரு கழுகு நிழல் குளத்தின் மேல் போனது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் மேலே. நிற்கும்போது மண் நிறத்தில் இருந்த பறவைக்கு இறக்கையின் பின்விளிம்பு முழுக்க வெள்ளை என்று அப்போதுதான் தெரிந்தது, கூட்டம் திரும்பும்போதெல்லாம் வெள்ளை அடித்து அடித்து மறைந்தது. இரண்டு சுற்று சுற்றி மறுபடி அதே இடத்தில் இறங்கின.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சின்னப்புள்ளையில நாங்க இதைக் கண்ணி வெச்சுப் பிடிப்போம். எங்க ஆச்சி மிளகு போட்டு வறுப்பா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். பறவை அழகாக இருக்கிறது என்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

திபெத் சமாசாரத்தை அங்கேதான் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "நம்ம குளத்துக்கு வர்ற பட்டைத்தலை வாத்து மட்டும் எங்கிருந்து வருதாம்? அதுவும் அந்த மலையைத் தாண்டித்தானே. அங்க பக்கத்துப் பக்கத்துல இருந்திருக்கும், குளிர் வந்ததும் அது நம்மூருக்கு, இது உன்னூருக்கு" என்றார். வண்டி வந்துவிட்டதாகப் போன் அடித்தது, எழுந்திருக்க மாட்டேன் என்றார், முழங்கால் பிடித்துக்கொண்டது வேறு விஷயம், அம்மா வந்து ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது.

கொடி கட்டிய பறவை ஒன்றைப் பார்த்தோம், எழுத்தைப் படிப்பதற்குள் காலை மடக்கிவிட்டது. அதற்காகவே மறுபடி போக வேண்டுமாம். அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை ஏற்றம் எட்டே முக்காலுக்கு, 2.6 மீட்டர். யாராவது வருகிறீர்களா? பெரிய லென்ஸ் இருக்கிறவர்கள் வந்தால் புண்ணியமாகப் போகும்.


ஏற்றவற்றம் எழுதியது:

ஏழரைக்கே வந்து மறைவிடத்தில் இடம் போட்டு வைக்கிறேன். தொலைநோக்கி என்னுடையது 60 மடங்கு, எழுத்து தெரியும். மாமியாரையும் கூட்டிவரலாமா என்று யோசிக்கிறேன்.


பாசிர்ரிஸ் பெருசு எழுதியது:

சரி சரி, நானும் வருகிறேன். கிராஞ்சி எம்ஆர்டியில் 925க்கு எந்தப் பக்கம் நிற்கணும்?